முத்தோரைச் சரிவும் வானத்தின் தொடக்கப் புள்ளியும்

12 மணி, 29 நிமிடம், 6.6997 விநாடி. இது கடிகார நேரமன்று. 3சி 273 என்னும் குவாசர் (விண்மீன்போல் தெரிந்தாலும், நெடுந்தொலைவில் ஒரு கருந்துளையைச் சுற்றி ஒளிரும் பொருள்) வானத்தில் கிழக்கு மேற்காக எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் அளவு. வானியலாளர்கள் இதை வல ஏற்றம் என்கிறார்கள். புவியில் தீர்க்கரேகை செய்யும் வேலையை வானத்தில் இது செய்கிறது. தீர்க்கரேகைக்குக் கிரீனிச்சைத் தொடக்கமாக வைத்ததுபோல வல ஏற்றத்துக்கும் எங்கேனும் ஓரிடத்தைத் தொடக்கமாக வைத்தாக வேண்டும். ரேடியோ வானியலாளர்கள் அந்த இடத்தை வானத்தில் நேராகத் தேடிப் பிடிக்கவில்லை. இந்த ஒரு குவாசருக்கு இந்த எண்ணைக் கொடுத்துவிட்டு, மற்றவற்றை அதிலிருந்து அளந்துகொண்டு போனார்கள்.

அந்த எண் நிலவின் விளிம்பிலிருந்து வந்தது. நிலவின் விளிம்பைக் கொண்டு ரேடியோ மூலங்களை, அதாவது ரேடியோ அலை வீசும் வான்பொருள்களை, அளப்பதற்கென்றே கட்டப்பட்ட தொலைநோக்கி ஒன்று உதகைக்கு அருகே முத்தோரையில், உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையமும் கேரட் தோட்டங்களும் உள்ள அதே வட்டாரத்தில், 1970 முதல் இயங்கிவருகிறது. அந்த எண்ணுக்கும் இந்தத் தொலைநோக்கிக்கும் வித்து ஒன்று என்பதை எங்கள் மாவட்டத்திலேயே பலரும் அறிந்திருக்கவில்லை என்பதனால் இதை எழுதுகிறேன்.

நான் நில அளவைத் தொழிலில் இருப்பவன். தேயிலைத் தோட்டங்களின் எல்லைகளை அளந்து வரைபடம் போட்டுக் கொடுப்பது என் வேலை. நீலகிரியில் இந்த வேலைக்கு ஒரு தனித் தொல்லை உண்டு. வடகிழக்குப் பருவமழை கடுமையாக அடித்த ஆண்டுகளில் சரிவே மெல்ல இறங்கிவிடும். தேயிலைச் செடி, தடுப்புச் சுவர், எல்லைக் கல் எல்லாமே மண்ணோடு சேர்ந்து ஓர் அடி, இரண்டு அடி நகர்ந்திருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் டேப் பிடித்தால் பழைய அளவே வரும். எதுவும் நகரவில்லை என்றே தோன்றும். அந்தச் சரிவைச் சேராத, பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள பாறை முகட்டிலிருந்து டோட்டல் ஸ்டேஷன் என்னும் அளவைக் கருவியை வைத்துப் பார்த்தால்தான் மொத்தச் சரிவும் இறங்கியிருப்பது தெரியவரும். அளக்கப்படும் பொருளோடு சேர்ந்து நகராத ஒன்று வேண்டும். அது எவ்வளவு தொலைவில் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வானத்தை அளந்தவர்களுக்கும் இதே சிக்கல் இருந்தது. நூற்றாண்டுகளாக அவர்கள் விண்மீன்களைத்தான் கல்லாக நட்டிருந்தார்கள். ஆனால் விண்மீன்கள் நகர்கின்றன. பர்னார்டு விண்மீன் ஆண்டுக்கு 10.3 விகலை நகர்கிறது. ஒரு பாகையில் 3600 விகலை என்பதால் இது கண்ணுக்குப் புலப்படாத அளவுதான். ஆனாலும் அளவைக்கு இது மிகப் பெரிது. அமைதியாக இருப்பதாகத் தோன்றும் சித்திரை நட்சத்திரம்கூட ஆண்டுக்குச் சுமார் 0.05 விகலை நகர்கிறது. 1998 வரை வானத்தில் இடங்களைக் குறிக்கும் அதிகாரபூர்வச் சட்டகமாக இருந்த எஃப்.கே.5 பட்டியல் 1535 விண்மீன்களின் இடங்களையும் அவற்றின் நகர்வு வேகங்களையும் சேர்த்துத் தந்தது. வேகத்தில் சிறு பிழை இருந்தாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல அது வளர்ந்துகொண்டே போகும். பட்டியல் அச்சான நாளிலிருந்தே அதன் துல்லியம் குறையத் தொடங்கிவிடும் என்பதுதான் இதன் பொருள்.

குவாசர்களின் கதை வேறு. 3சி 273 நம்மிடமிருந்து சுமார் 240 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ளது. அது விநாடிக்கு 1000 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் இங்கிருந்து பார்க்கும்போது ஆண்டுக்கு ஒரு விகலையின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்குதான் நகரும். நூறாண்டு ஆனாலும் அந்த நகர்வு இன்றைய அளவைப் பிழைக்குள் அடங்கிவிடும். பள்ளத்தாக்குக்கு அப்பாலுள்ள பாறை இதுதான்.

இந்தப் பாறைகளைக் குறிவைக்கும் கருவிக்கு வி.எல்.பி.ஐ. என்று பெயர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு ரேடியோ தொலைநோக்கிகள் ஒரே குவாசரை ஒரே நேரத்தில் பார்க்கும். ஒவ்வொன்றின் அருகிலும் ஹைட்ரஜன் மேசர் என்னும் மிகத் துல்லியமான அணுக் கடிகாரம் ஒன்று இருக்கும். வந்து சேர்வது வெறும் இரைச்சல்தான். அதை நேரக் குறிப்போடு பதிவு செய்து, இரண்டு பதிவுகளையும் ஒரு மையத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக நகர்த்திப் பொருத்திப் பார்த்தால், அலைமுகம் ஒரு தொலைநோக்கியைவிட மற்றொன்றை எவ்வளவு தாமதமாக அடைந்தது என்பது கிடைக்கும். ஒளி ஒரு சென்டிமீட்டர் கடக்க ஒரு விநாடியின் லட்சம் கோடியில் 33 பங்கு ஆகும்; தாமதத்தை அந்த அளவு நுட்பமாகவே எடுக்கிறார்கள். இதில் அவர்களை மிகவும் படுத்துவது காற்றிலுள்ள நீராவி. கண்ணை மறைக்கும் மூடுபனிகூட ரேடியோ அலைக்கு அவ்வளவு பெரிய தடையன்று. கண்ணுக்கே தெரியாத ஈரம்தான் அலையைத் தாமதப்படுத்திக் கணக்கைக் கெடுக்கிறது. ஜூலை மாத உதகையில் ஜி.பி.எஸ். பிடித்துக்கொண்டு நின்ற எவருக்கும் இந்தப் புலம்பல் புரியும்.

இவ்வளவு நுட்பமான கருவிக்கு ஒன்று மட்டும் இயலாது. இரண்டு குவாசர்களுக்கிடையே எவ்வளவு கோணம் என்று அது சொல்லும். புவியின் சுழலச்சு எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதும் அதற்குத் தெரியும். ஆகவே வடக்கு தெற்குக் கணக்கு தானாகக் கிடைத்துவிடும். கிழக்கு மேற்கில் தொடக்கம் எது என்பதை மட்டும் அதனால் சொல்ல முடியாது. எல்லாக் குவாசர்களின் வல ஏற்றத்தோடும் ஒரே எண்ணைக் கூட்டி, புவியின் சுழற்சிக் கோணத்தோடும் அதே எண்ணைக் கூட்டினால், அளந்த தாமதங்கள் ஒன்றுகூட மாறாது. அந்த ஓர் எண்ணை வெளியிலிருந்து கொண்டுவந்தே ஆக வேண்டும்.

விண்மீன் பட்டியல்களில் அந்தத் தொடக்கம் சம இரவுப் புள்ளியாக இருந்தது. அதாவது மார்ச் மாதத்தில் சூரியன் நடுக்கோட்டைக் கடக்கும் இடம். அந்தப் புள்ளியே ஆண்டுக்குச் சுமார் 50 விகலை பின்னோக்கி நகர்கிறது. இதைத் தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டிய தேவை குறைவு. சூரியன் நடுக்கோட்டைக் கடந்து மூன்று வாரத்துக்கு மேலான பிறகே நமக்குச் சித்திரை பிறக்கிறது. சனிப் பெயர்ச்சி எந்த நாளில் என்று வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் ஒவ்வொரு முறையும் வரும் பூசலில், தொடக்கத்தை எங்கே வைப்பது என்ற கேள்விக்கும் பங்குண்டு. மேகநாத் சாகா தலைமையிலான நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு 1955இல் தந்த அறிக்கையில் சித்திரை நட்சத்திரத்தைப் பற்றுக்கோடாகக் கொண்டு, 1956 மார்ச் 21 அன்று அயனாம்சம், அதாவது சம இரவுப் புள்ளிக்கும் நம் ராசிக் கணக்கின் தொடக்கத்துக்கும் உள்ள இடைவெளி, 23 பாகை 15 கலை (ஒரு பாகையில் 60 கலை) என்று நிறுத்தியது. வானத்தில் எந்தக் கோடும் வரையப்பட்டிருக்கவில்லை. ஓர் எண்ணை எல்லாரும் ஏற்றுக்கொண்டதனால்தான் கணக்கு நடந்தது. சித்திரை நட்சத்திரமும் 3சி 273 குவாசரும் ஒரே கன்னி ராசியில் இருக்கின்றன என்பது தற்செயல்தான். ஆனாலும் இரண்டு கணக்குகளும் தொடக்கத்துக்காக அந்த ஒரே திசையை நோக்கியிருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

இனி நிலவுக்கு வருவோம். 1960களின் தொடக்கத்தில் ரேடியோ தொலைநோக்கிகளின் பார்வை மிக மங்கல். ஒரு மூலம் எங்கே இருக்கிறது என்று சொன்னால், அந்த இடத்துக்குள் ஒளித் தொலைநோக்கியில் பல விண்மீன்கள் தெரியும். எது அது என்று கைகாட்ட முடியாது. வானியலாளர் சிரில் ஹசார்டு நிலவைப் பயன்படுத்தினார். நிலவு வானத்தில் விநாடிக்கு அரை விகலைக்குச் சற்று மேலாக நகர்கிறது. ஒரு ரேடியோ மூலத்தை அதன் விளிம்பு மறைக்கும் கணத்தையும் மீண்டும் விடுவிக்கும் கணத்தையும் ஒரு விநாடிக்குள் குறித்துவிட்டால், அந்த இரண்டு கணங்களிலும் நிலவின் விளிம்பு எங்கே இருந்தது என்பதிலிருந்து மூலத்தின் இடம் ஒரு விகலைக்குள் வந்துவிடும். தொலைநோக்கியின் பார்வை எவ்வளவு மங்கலாக இருந்தாலும் கவலையில்லை. கத்தியின் முனை நிலவின் விளிம்பில் இருக்கிறது. 1962இல் ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் தொலைநோக்கியில் நிலவு 3சி 273ஐ மறைத்த நிகழ்வுகளைப் பதிவு செய்தார்கள். அவற்றுள் ஒன்றின்போது மூலம் அடிவானத்துக்கு மிக அருகில் இருந்ததால், தொலைநோக்கியை வழக்கமான எல்லைக்கும் கீழே சாய்ப்பதற்காக மரங்கள் வெட்டப்பட்டன, போல்ட்டுகள் கழற்றப்பட்டன என்று ஆராய்ச்சியாளர்களே பின்னாளில் சொல்லி மகிழ்ந்திருக்கிறார்கள். கிடைத்த இடத்தைக் கொண்டு மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையை எடுத்து, அது நம் பால்வீதியைச் சேர்ந்த விண்மீனே அல்ல, நெடுந்தொலைவிலுள்ள பொருள் என்று கண்டறிந்தார். இருவர் கட்டுரைகளும் 1963 மார்ச் மாதம் நேச்சர் இதழில் ஒன்றாக வெளிவந்தன.

அந்த இதழை மும்பையில் ஒருவர் படித்தார். கோவிந்த் ஸ்வரூப் அந்த ஆண்டுதான் வெளிநாட்டிலிருந்து திரும்பி டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். நிலவு மறைப்பு ஒரு பிரகாசமான மூலத்துக்கு இவ்வளவு செய்யுமானால், மங்கலான நூற்றுக்கணக்கான மூலங்களுக்கு அதைச் செய்யலாமே என்று எண்ணினார். அதற்கு மிகப் பெரிய பரப்புள்ள தொலைநோக்கி வேண்டும். அது நிலவை மணிக்கணக்கில் தொடரவும் வேண்டும். குறைந்த செலவில் இதைச் செய்ய அவர் கண்ட வழி, தொலைநோக்கியை நம் அட்சரேகைக்கு ஏற்ற ஒரு மலைச்சரிவில் படுக்க வைப்பது. முத்தோரை வட அட்சம் சுமார் 11.4 பாகையில் இருக்கிறது. வடக்கு தெற்காக ஏறக்குறைய அதே 11 பாகை சாய்ந்த சரிவு அங்கே இருந்தது. அந்தச் சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட பரவளைய உருளையை வைத்தால், அதன் நீண்ட அச்சு புவியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்துவிடும். ஒரே அச்சில் மெல்லத் திருப்பினால் ஒரு மூலத்தை ஒன்பதரை மணி நேரம் தொடரலாம். வேறொரு நாட்டில் பொறியியலால் செய்ய வேண்டியதை இங்கே மலையே செய்துகொடுத்தது.

கிட்டே போய்ப் பார்த்தால் அதில் கண்ணாடி என்று சொல்லத் தக்க எதுவும் இல்லை. 24 இரும்புச் சட்டங்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் மேல் முழு நீளத்துக்கும் 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள் இழுத்துக் கட்டப்பட்டிருக்கின்றன. கம்பியின் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. பக்கவாட்டிலிருந்து நோக்கினால் அவற்றின் ஊடே எதிர்ச் சரிவின் தோட்டம் தெரிகிறது. 327 மெகாஹெர்ட்ஸில் வரும் அலையின் நீளம் சுமார் 92 சென்டிமீட்டர். அதற்கு இந்தக் கம்பி வரிசை கெட்டியான சுவர்தான். தனியாக எடுத்துக்கொண்டால் இந்தத் தொலைநோக்கியின் பார்வை பல கலைகள் அகலமானது. நிலவின் விளிம்போடு சேர்ந்தபோது அது ஒரு விகலையைப் பிரித்துக் காட்டியது. 1970களில் இங்கே நூற்றுக்கணக்கான மூலங்களின் கோண அளவு எடுக்கப்பட்டு, அதிலிருந்து விஜய் கபாஹி 1975இல் பிரபஞ்சம் காலத்தோடு மாறிவந்திருக்கிறது என்பதற்குச் சான்று கண்டார். உதகைத் தொலைநோக்கி என்றதும் பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் இதைத்தான் சொல்வார்கள். அது உரிய பெருமைதான்.

அதே 1963ஆம் ஆண்டுக் கட்டுரையின் இன்னொரு வழித்தோன்றலை யாரும் சொல்வதில்லை என்பதே என் குறை. நிலவு மறைப்பு தரும் இடம், நிலவின் பாதைக் கணக்கிலிருந்து வருகிறது. நிலவின் பாதை விண்மீன்களையும் சம இரவுப் புள்ளியையும் கொண்டு கணிக்கப்படுகிறது. ஆகவே நிலவு மறைத்த ஒரு குவாசர், விண்மீன் வானத்துக்கும் ரேடியோ வானத்துக்கும் நடுவே கிடைத்த முடிச்சாகிவிடுகிறது. வி.எல்.பி.ஐ.யால் தர இயலாத அந்த ஓர் எண்ணைத் தரும் தகுதி அதற்கு வந்துவிடுகிறது. 1971இல் ஹசார்டும் உடனுழைத்தவர்களும் 3சி 273இன் இடத்தை மேலும் செம்மையாக வெளியிட்டார்கள்; அதிலிருந்து வந்து, எஃப்.கே.5 முறைக்கு மாற்றப்பட்டு நின்றதுதான் முதல் வரியிலுள்ள எண். பல ரேடியோ பட்டியல்கள் அந்த எண்ணை நிலைநிறுத்திக்கொண்டே தயாராயின. பின்னர் உலகப் பொதுச் சட்டகம் அமைத்தபோது, அந்தப் பட்டியல்களிலுள்ள 23 மூலங்களின் சராசரியால் தொடக்கத்தை நிறுத்தினார்கள். ஒரே கல்லில் தொங்கிய பாரம் 23 கற்களுக்குப் பகிரப்பட்டது.

சர்வதேச வானியல் ஒன்றியம் 1997இல் கியோட்டோவில் முடிவெடுத்து, 1998 ஜனவரி 1 முதல் ஐ.சி.ஆர்.எஃப். என்னும் சட்டகத்தை நடைமுறைப்படுத்தியது. 608 மூலங்கள், அவற்றுள் சட்டகத்தின் திசைகளையே நிர்ணயிக்கும் வரையறை மூலங்கள் 212. விண்மீன்கள் அந்த வேலையிலிருந்து விடுவிக்கப்பட்டன. 2010இல் வந்த இரண்டாம் பதிப்பில் 3414 மூலங்கள், 2019இல் வந்த மூன்றாம் பதிப்பில் 4536 மூலங்கள், அவற்றுள் வரையறை மூலங்கள் 303. இப்போதைய அளவைப் பிழையின் அடித்தளம் ஒரு விகலையின் பத்து லட்சத்தில் 30 பங்கு. புவியின் மையத்தில் நின்று அந்தக் கோணத்தைத் தரைவரை நீட்டினால் தரையில் ஒரு மில்லிமீட்டர்கூட வராது. என் தொழிலில் மில்லிமீட்டர் என்பது பேச்சுக்குச் சொல்வது.

புதிய தொடக்கம் உண்மையான சம இரவுப் புள்ளியோடு மிகச் சரியாகப் பொருந்தவில்லை. ஒரு விகலையின் சிறு பின்னம் அளவுக்கு விலகியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்த பிறகும் அவர்கள் சரிசெய்யவில்லை. நான் அதை மிகச் சரியான முடிவு என்பேன். எல்லைக் கல்லைச் சிறந்த இடத்துக்கு நகர்த்த ஆரம்பித்தால் பத்திரத்துக்குப் பத்திரம் எல்லை மாறும். தொடக்கப் புள்ளி எங்கே இருக்கிறது என்பதைவிட, அது யாராலும் அசைக்கப்படாமல் இருக்கிறது என்பதுதான் அளப்பவனுக்கு வேண்டும். விலகல் இவ்வளவு என்று எழுதிவைத்துவிட்டால் போதும், எழுதியும் வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவுக்கும் காரணமான 3சி 273 இன்று வரையறை மூலங்களின் பட்டியலில் இல்லை. அது மிகவும் பிரகாசமானது. அதிலிருந்து நீண்ட தாரை ஒன்று பாய்கிறது. ரேடியோவில் அது புள்ளியாகத் தெரிவதில்லை. குவாசர்கள் நகராவிட்டாலும் அவற்றின் உருவம் மாறும். உள்ளேயுள்ள கருந்துளையின் அருகிலிருந்து பிளாஸ்மாக் கட்டிகள் வெளியேறும்போது, எந்த இடத்தைப் பிரகாசமான மையம் என்று நாம் குறிக்கிறோமோ அது மெல்ல இடம்பெயர்கிறது. 4சி 39.25 என்னும் மூலம் இதற்குப் பெயர்போனது. அசையாத இரண்டு பகுதிகளுக்கு நடுவே ஒரு கட்டி ஊர்ந்து சென்றதால், மூலமே நகர்வதுபோல் ஆண்டுக்காண்டு அளவு மாறியது. ஆகவே வரையறை மூலங்களாகத் தேர்ந்தெடுக்கப்படுபவை பெரும்பாலும் பெயர்பெறாதவை, கச்சிதமானவை, வானம் முழுவதும் பரவியிருப்பவை. தெற்கு வானத்தில் இன்னும் போதிய நெருக்கம் இல்லை. தென்கோளத்தில் தொலைநோக்கிகள் குறைவாக இருப்பதே காரணம்.

இதனால் எனக்கு என்ன பயன் என்று உடன் வேலை பார்க்கும் இளைஞர்கள் கேட்பதுண்டு. செயற்கைக்கோள்களைக் கொண்டு இடத்தை அளக்கும் டி.ஜி.பி.எஸ். கருவியைக் காட்டுவேன். செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்பது வானத்தைச் சார்ந்து கணிக்கப்படுகிறது. என் முக்காலி நிற்கும் இடமோ சுழலும் தரையில் இருக்கிறது. இரண்டையும் இணைப்பது புவியின் சுழற்சிக் கோணம். அது சீராக மாறுவதில்லை. காற்றும் கடலும் புவியின் உட்கருவும் அதைக் கூட்டிக் குறைத்துக்கொண்டே இருக்கின்றன. ஆயிரத்தில் ஒரு விநாடி பிழைத்தால் உதகையில் தரை சுமார் 45 சென்டிமீட்டர் தள்ளிப்போகும். செயற்கைக்கோள்களை மட்டும் வைத்து இதை நெடுங்காலத்துக்குக் கண்காணிக்க முடியாது. அவற்றின் பாதைகளே மெல்லத் திரும்புகின்றன. பாதை திரும்பியதா, புவி கூடுதலாகச் சுழன்றதா என்று பிரித்தறிய வழியில்லை. குவாசர்களைப் பார்த்தால்தான் பிரிக்க முடியும். இதற்காகவே ஹவாயின் கோக்கி பார்க், ஜெர்மனியின் வெட்செல் போன்ற நிலையங்கள் ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் குவாசர்களைப் பார்த்துச் சுழற்சிக் கோணத்தை எடுக்கின்றன. போதாததற்கு இந்தியக் கண்டத்தட்டு முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது. 20 ஆண்டுக்கு முன் எடுத்த ஆயத்தொலைகளையும் இன்று எடுத்தவற்றையும் ஆண்டு குறிக்காமல் ஒப்பிட்டால் ஒரு மீட்டர் வேறுபாடு வரும். பக்கத்துத் தோட்டக்காரர் எல்லை தாண்டிவிட்டார் என்று சண்டைக்கு அது போதும்.

முத்தோரைத் தொலைநோக்கியால் இந்தச் சட்டக வேலையில் நேரடியாகப் பங்கெடுக்க இயலாது. சட்டகத்துக்கு வேண்டிய வழக்கமான அளவைகள் 2.3, 8.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்களில் எடுக்கப்படுகின்றன. மேல் வளிமண்டலத்தின் அயனி மண்டலம் அலையைத் தாமதப்படுத்துவது அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்பதால், 327 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தொல்லை 8.4 கிகாஹெர்ட்ஸைவிட 600 மடங்குக்கும் மேல். துடிவிண்மீன்களையும் சூரியக் காற்றில் ரேடியோ மூலங்கள் மினுங்குவதையும் நோக்குவது அதற்குப் பொருத்தமான வேலை. அதை அது செய்துவருகிறது.

விண்மீன்களின் இடங்களை விண்வெளியிலிருந்து அளந்த கையா விண்கலம் வந்த பிறகு ரேடியோ சட்டகம் இனித் தேவையா என்று ஒரு கேள்வி எழுந்தது. ஒளியலையில் சுமார் 16 லட்சம் குவாசர்களை அது அளந்து கொடுத்தது. 2022 முதல் ஒளிக்கு அதன் சட்டகமே அதிகாரபூர்வமானது. ஆனால் கையா விண்வெளியில் இருந்தது. தரையோடு அதற்கு ஒட்டு இல்லை. புவி இப்போது எவ்வளவு சுழன்றிருக்கிறது என்பதை அதனால் சொல்ல முடியாது. 2025இல் அது தன் பணியையும் முடித்துக்கொண்டது. மேலும் சூரியனே பால்வீதியின் மையத்தை நோக்கி முடுக்கப்படுவதால் எல்லாக் குவாசர்களும் ஆண்டுக்கு ஒரு விகலையின் பத்து லட்சத்தில் 5.8 பங்குவரை அந்த மையத்தின் பக்கமாகச் சாய்வதுபோல் தோன்றுகின்றன. மூன்றாம் பதிப்பில் முதன்முறையாக இந்தத் திருத்தம் சேர்க்கப்பட்டது. ஆகவே இன்று ஒரு குவாசரின் இடத்தைச் சொல்லும்போதும், எங்கள் வரைபடங்களில் எழுதுவதுபோலவே, எந்த ஆண்டுக்குரியது என்று உடன் எழுத வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு 2015.